தம்பிக்கு, ஸ்டேட்டன் ஐலண்டிலிருந்து

ஸ்டேட்டன் ஐலண்ட், நியூயோர்க்
21 ஜனவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அத்தானும் பிள்ளைகளும் நானும் நலம். சென்ற செவ்வாய்க்கிழமை பனி கொட்டியது. கிட்டத்தட்ட இரண்டு வருடங்களாக இந்த நகரத்தில் ஒழுங்காகப் பனி விழவில்லை. சின்னவள் அதைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து, "மாமா வந்தால் காட்டுவோம்" என்று குளிர்ப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற விசாத் தரும் கிரீன் கார்ட் லொத்தரில் உன் பெயர் விழுந்து, மார்ச்சில் நேர்முகம் என்று கேட்டதிலிருந்து வீட்டில் இதே பேச்சுத்தான்.

தொலைபேசியில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருப்பார். மாமி மூலம் ஒரு சங்கதி கேள்விப்பட்டேன். ஒரு தரகர் வீட்டுக்கு வந்தாராம். ஒரு பெண் பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்து விண்ணப்பத்தில் சேர்த்தால் உன் செலவு முழுவதையும் அவர்கள் ஏற்பார்களாம், மேலதிகமாகப் பணமும் தருவார்களாம், அமெரிக்கா போனதும் அவரவர் வழியில் பிரிந்துவிடலாமாம். நீ "யோசித்துச் சொல்கிறேன்" என்றாயாம். யோசிக்கவே வேண்டாம், தம்பி. உடனே இல்லை என்று சொல்லிவிடு.

2022 ஒக்ரோபரில் விண்ணப்பம் போட்டபோது நீ தனியாள் என்று எழுதினாய். அதன் பிறகு உண்மையாகவே ஒருத்தியை மணந்திருந்தால் அது குற்றமில்லை, அவளையும் சேர்க்கலாம். ஆனால் பெயர் விழுந்த பிறகு நடக்கும் கலியாணத்தை அமெரிக்கத் தூதரகத்தார் சும்மா விடமாட்டார்கள். இருவரையும் தனித்தனியே நிறுத்திக் கேட்பார்கள். பொய் என்று கண்டால் இந்த விசா மட்டும் போகாது. பொய் சொல்லி விசாக் கேட்டவன் என்று பதிந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் அந்தத் தடை உன் பெயரோடு வரும். நாளைக்கு நான் உன்னைக் கூப்பிட விரும்பினாலும் முடியாது. அந்தப் பிள்ளையையும் நினைத்துப்பார். அவளுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

செலவுதான் உன் கவலை என்றால் அதை என்னிடம் விடு. விசாக் கட்டணம் 330 டொலர். நேர்முகத்தன்று தூதரகத்திலேயே கட்டவேண்டும். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. வைத்தியப் பரிசோதனைக்குத் தனியாக வேண்டும். விசா கிடைத்த பிறகு கிரீன் கார்ட்டுக்காக இணையத்தில் 220 டொலர் கட்டவேண்டும், அதை இங்கிருந்தே நான் கட்டுகிறேன். மற்றதற்கு அம்மாவின் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். கடன் என்று நினைக்காதே. அப்பாவின் கடைசிக் காலத்தில் நான் இங்கே இருந்தேன், நீதான் வைத்தியசாலையில் இரவிரவாக விழித்திருந்தாய்.

இனித் தாள்கள். இதில்தான் உன் கவனம் முழுவதும் இருக்கவேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லோரும் மழையில் நடந்தபோது அம்மா ஒரு சொப்பிங் பையைத் தாவணிக்குள் செருகிக்கொண்டு வந்தார். உனக்கு அப்போது நான்கு வயது, ஞாபகம் இருக்காது. நகையென்று நினைத்தேன். சாவகச்சேரியில் பிரித்துப் பார்த்தால் எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள். உன் பிறப்புச் சான்றிதழ் இன்றைக்கும் இருப்பது அதனால்தான். அதை ஆங்கிலத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்று. மூலப்பிரதி, மொழிபெயர்ப்பு, போட்டோப் பிரதி மூன்றும் வேண்டும்.

உன் பெயரை ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடவுச்சீட்டில் ஒரு விதம், உயர்தரச் சான்றிதழில் இன்னொரு விதம். அப்பாவின் பெயரும் இரண்டு இடத்தில் இரண்டு எழுத்துக் கூட்டல். நம்மைப் போலக் குடும்பப்பெயர் இல்லாதவர்களுக்கு இது வழக்கமாக வரும் தலையிடி. எங்களுக்கும் வந்தது. ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போ. கேட்டால் நடந்ததைச் சொல், எந்தத் தாளிலும் நீயாக எதையும் திருத்தாதே.

க.பொ.த. உயர்தரச் சான்றிதழ்தான் உன் தகுதி. அது இல்லாவிட்டால் லொத்தரில் விழுந்தும் பயனில்லை. பாடசாலையில் தந்த பெறுபேற்றுத் தாளை நம்பாமல் பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழை எடு. பொலிஸ் அறிக்கைக்கு இன்றே விண்ணப்பி. நீ கட்டாரில் ஒன்றரை வருடம் இருந்தாய் அல்லவா? அந்த நாட்டுப் பொலிஸ் அறிக்கையும் வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் இருந்த நாட்டை அவர்கள் விடுவதில்லை. கட்டாரிலிருந்து எடுப்பதற்குத்தான் நாள் செல்லும், அதை முதலில் தொடங்கு. வைத்தியப் பரிசோதனையும் தூதரகம் குறிப்பிட்ட வைத்தியரிடம் மட்டும்தான். கொரோனா ஊசி போட்ட அட்டையை எங்கே வைத்தாய் என்று தேடு.

ஒன்றும் குறையாமல் போகவேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது ஏன் தெரியுமா? இந்த விசாவுக்கு ஒரு கடைசி நாள் உண்டு. 2024 செப்டெம்பர் 30. அன்றைக்குள் கையில் வராவிட்டால் அடுத்த வருடத்துக்கு மாற்றித் தரமாட்டார்கள். வருடத்துக்கு 55,000 விசாவுக்குமேல் இல்லை, ஆனால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமானோரைத் தெரிவு செய்து வைத்திருக்கிறார்கள். பெயர் விழுந்தது என்றால் வரிசையில் நிற்க இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

எங்கள் கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. 2011 மே மாதம் லொத்தர் முடிவு வந்தபோது எங்கள் பெயர் இல்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த ஒருவருக்கு விழுந்தது. ஊரெல்லாம் கற்கண்டு கொடுத்தார். கடையைக் கைமாற்ற முன்பணமும் வாங்கிவிட்டார். இரண்டு வாரம் கழியவில்லை, அந்தக் குலுக்கலே செல்லாது என்று அமெரிக்கா அறிவித்தது. கணினியில் பிழையாம், முதல் இரண்டு நாளில் விண்ணப்பித்தவர்களையே பெரும்பாலும் எடுத்துவிட்டதாம். உலகமெங்கும் ஏறத்தாழ 22,000 பேருக்கு அப்படி நடந்தது. ஜூலையில் மறுபடி குலுக்கினார்கள். அதில் எங்களுக்கு விழுந்தது, அவருக்கு இல்லை. அவர் வீட்டுக்கு வந்து அத்தானின் கையைப் பிடித்து, "போய்ச் சேருங்கள்" என்றார். அந்தக் கையின் நடுக்கத்தை அத்தான் இன்றும் சொல்வார். ஆகவே கூட்டுறவுச் சங்க வேலையை இப்போது விடாதே. காணிக்கு ஆள் பார்க்காதே. விசா கையில் வந்த பிறகும் புறப்பட ஆறு மாதம் வரை தருவார்கள்.

கொழும்புக்கு முதல்நாளே போய்விடு. இரவு பஸ்ஸில் இறங்கி நேரே தூதரகத்துக்குப் போகாதே, தூக்கம் முகத்தில் தெரியும். வெள்ளவத்தையில் தங்கினால் காலையில் காலி வீதியால் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போகலாம். கைத்தொலைபேசியை உள்ளே விடமாட்டார்கள். கைரேகை எடுப்பார்கள், வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணம் நெஞ்சு படபடத்தது. பிறகு கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள்: எங்கே படித்தீர்கள், என்ன வேலை, அங்கே யாரிடம் போகிறீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். யாரிடம் போகிறாய் என்றால் என் பெயரைச் சொல்.

எங்கள் உத்தரவாதப் பத்திரத்தையும் 2022 வரித் தாள்களையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அந்தத் தாள்களில் எங்கள் வருமானத்தைப் பார்ப்பாய். தரகர் காட்டும் கணக்கு அதில் இல்லை. வங்கியில் இருந்த அத்தான் இங்கே வந்து மூன்று வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். முதல் குளிர்காலத்தில் நனையாத சப்பாத்து ஒன்றுதான் வீட்டில் இருந்தது, அவர் வந்து கழற்றியதும் நான் போட்டுக்கொண்டு போவேன். இப்போது எனக்கு மன்ஹாட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. விடியற்காலைப் படகில் திரும்புவேன். இருபத்தைந்து நிமிடப் பயணம், டிக்கெட் இல்லை. அந்த நேரத்தில் படகில் இருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல இரவு முழுவதும் நின்றவர்கள். எல்லோரும் தூங்குவார்கள், நான் கடலைப் பார்ப்பேன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல் போல இல்லை, ஆனாலும் கடல்தானே. உன்னை அந்தப் படகில் பக்கத்தில் இருத்தவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

புதன்கிழமை இரவு உங்கள் நேரம் எட்டு மணிக்கு எடுப்பேன். அதற்குள் தரகருக்குப் பதில் சொல்லியிருக்கவேண்டும். புகைப்படம் எடுக்கும்போது கண்ணாடியைக் கழற்ற மறக்காதே.

அன்புடன்
அக்கா