நாகலகம் வீதியில் 7 அடி என்றால் எங்கள் வாசலில் எத்தனை அடி?

நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் களனி கங்கைக் கரையோர உள்ளூராட்சி சபைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியிலிருந்து எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். களனி கங்கை வெள்ளம் ஏறிய ஊர்களில், எந்த ஆண்டு எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று மின்கம்பங்களிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் கோடு போட்டு, பக்கத்தில் ஆண்டை எழுதி விடுங்கள்.

மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் நாகலகம் வீதிதான். கொழும்பு கிராண்ட்பாஸில் உள்ள அந்த வீதியில் ஆற்று மட்டத்தை அளக்க நிற்கும் அளவுகோலில் 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம், 9 அடி என்றால் ஆபத்து. ஆற்றில் மேலே உள்ள ஹங்வெல்லைக்கு வந்தால் கணக்கு மீற்றருக்கு மாறிவிடும். அங்கே 8 மீற்றர் சிறு வெள்ளம், 10 மீற்றர் பெரு வெள்ளம். சரி, பொறியியலாளருக்கு இது போதும். கொலன்னாவையில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு என்ன செய்வார்? ஃபிரிட்ஜைத் தூக்கி மேசையில் வைத்தால் போதுமா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டுமா?

அந்த எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. 1989 ஜூனில் நாகலகம் வீதியில் தண்ணீர் 9 அடியைத் தாண்டியது. 2016 மே மாதம் 7 அடியைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. எண்ணைப் பார்த்தால் 2016 வெள்ளம் 1989ஐ விடச் சின்னது. ஆனால் கொலன்னாவ, வெல்லம்பிட்டி, கொட்டிகாவத்தை, கடுவெல மக்களிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். இடைப்பட்ட காலத்தில் சதுப்பு நிலங்கள் நிரப்பப்பட்டன, தண்ணீர் தங்கிய இடத்தில் வீடுகள் எழும்பின. அளவுகோல் ஆற்றைத்தான் அளக்கும், ஒழுங்கையை அளக்காது.

1947 ஓகஸ்ட் வெள்ளம் இவை எல்லாவற்றையும் விஞ்சியது. சுதந்திரத்துக்கு ஆறு மாதம் முன்பு, இதே அளவுகோலில் 12 அடிக்கு மேல். அன்றைய தண்ணீர் இன்று வந்தால் எங்கள் தெருவில் எதுவரை ஏறும்? கணக்குப் போட உங்களிடம் வரைபடங்கள் இருக்கின்றன. எங்களிடம் இருந்த பெரியவர்களில் பலர் போய்விட்டார்கள்.

பண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே வெள்ளத் தடுப்பு அணையை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை, பண்ட்தான். ஆறு ஏறினால் வோட்டர் கேட்டுகளை, அதாவது மதகுக் கதவுகளை, மூடுவீர்கள், ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் உள்ளே பெய்த மழை வெளியேறவும் வழியில்லை, பம்ப் செய்துதான் இறைக்க வேண்டும். ஆகவே பண்டுக்கு உள்ளே இருப்பவருக்கு வருவது மழை வெள்ளம், வெளியே ஆற்றோரமாக இருப்பவருக்கு வருவது ஆறு. ஒரே கிராம சேவகர் பிரிவில் இரண்டும் நடக்கும். எச்சரிக்கையில் மட்டும் எல்லோருக்கும் ஒரே வரி.

கோடு ஏற்கனவே இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் சேற்று நிறத்தில் ஒரு வரி நிற்கும், சில வீடுகளில் பிளக் பொயின்டுக்கு ஒரு சாண் மேலே. வீட்டுக்காரர் முதலில் செய்வது அதன்மேல் பெயின்ட் அடிப்பதுதான், இல்லாவிட்டால் அடுத்த வாடகைக்காரர் வரமாட்டார். புதிதாக வருகிறவர், அதுவும் மலையகத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ வேலைக்கு வந்தவர், அந்தச் சுவரில் சாய்த்துத்தான் அரிசி மூட்டையை வைப்பார். காணி விலை குறையும் என்று சபைகளுக்கு முறைப்பாடு வரும், எனக்குத் தெரியும். வரட்டும். 1924 ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே ஓர் இடத்தை வெள்ளப் பிரதேசம் என்று பகிரங்கமாகப் பிரகடனம் செய்ய இடம் தருகிறது. ஒரு கோட்டுக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாகலகம் வீதி மறுபடி 8 அடியைத் தாண்டியது. மலைநாட்டில் மண்சரிவுகளால் ஊர்களே அழிந்தன. அதன் முன் எங்கள் இழப்பு சிறிது. ஆனால் எங்களுக்கு நேரம் இருந்தது. கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் பெய்வது ஹங்வெல்லையைக் கடந்து எங்களிடம் வந்து சேரும்வரை பொழுது கிடைக்கிறது. அந்தப் பொழுதில் வட்ஸ்அப்பில் சிங்கள அறிவித்தலை யாராவது வாசித்துத் தமிழில் குரல் பதிவு போட, அதை இன்னொருவர் தப்பும் தவறுமாகப் பரப்ப, பாதி பேர் கிளம்பினார்கள், பாதி பேர் பார்ப்போம் என்று இருந்துவிட்டார்கள். கம்பத்தில் 1989, 2016, 2025 என்று மூன்று கோடுகள் இருந்திருந்தால், "இன்று இரவு 2016 கோட்டைத் தாண்டும்" என்ற ஒரே வசனம் போதும். அதை எந்த மொழியிலும் பிழைவிடாமல் சொல்லலாம்.

முகத்துவாரம், மட்டக்குளி தொடங்கி பேலியகொட, பியகம, கடுவெல, ஹங்வெல்ல, அவிசாவளை வரை இதைச் செய்யலாம். களு கங்கைக்கு 2003உம் 2017உம் இருக்கின்றன, இரத்தினபுரிக்காரரும் கேட்பார்கள். எழுத்து மூன்று மொழியிலும் இருக்கட்டும். உயரத்தை உங்கள் ஆட்களே அளந்து போடட்டும், அரசியல்வாதி பெயர் வேண்டாம். மே மாத மழைக்கு முன் வெல்லம்பிட்டிச் சந்தியில் ஒரு கம்பத்தில் ஆரம்பியுங்கள். ஏணி பிடிக்க ஆள் வேண்டுமென்றால் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
வெல்லம்பிட்டிவாசி ஒருவர்