குளிர்நீரில் ஒரு மரக்கப்பல்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். வாடைக்காற்று ஓயாமல் கடல் கலங்கிக் கிடப்பதால் சுழியோட வழியில்லை. உன் கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டேன்.

கனடாவின் ஹியூரன் ஏரிக்கரையில் உள்ள உன் டொபர்மோரியில், 1885 இல் அமிழ்ந்த 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' பாய்க்கப்பலின் பலகைகள் இன்னும் உருக்குலையாமல் கிடக்கின்றன என்று நீ எழுதியதை முதலில் நம்ப முடியவில்லை. இங்கே, என் மைத்துனர் தோணியின் அடிப்பலகை ஒன்றைப் பெயர்த்தபோது, வெளிப்பூச்சு கெடாதிருக்க, உள்ளே சுண்ணாம்பு படிந்த துளைகள் புல்லாங்குழலைப் போல நீண்டு கிடந்தன. மரத்தை அப்படித் துளைக்கும் கடற்புழு நன்னீரில் வாழாது. குளிரோ மரம் உக்குவதையும் தாமதப்படுத்துகிறது. ஹியூரன் ஏரி காப்பாற்றி வைத்திருப்பதை எங்கள் கடல் தின்று தீர்த்திருக்கும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் எங்கள் கடலில் தாக்கி அமிழ்த்திய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மிஸ்' இரும்பாக இருந்ததால் தப்பியது. அதுவும் 50 மீற்றருக்குக் கீழே என்பதால் எனக்கு எட்டாத ஆழம்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் உன் ரெகுலேட்டர் உறைந்த கதைதான் என்னை உறங்கவிடவில்லை. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்று, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரின் முதற்கட்டத்தில் சட்டென விரியும்போது உலோகம் குளிர்கிறது. எங்கள் 28 பாகைக் கடல் அந்தக் குளிரை உடனே ஈடுசெய்துவிடும், ஆனால் கோடையிலும் ஆழத்தில் 4 பாகையை ஒட்டியே நிற்கும் உன் ஏரியில் பனி கட்டி, வால்வு திறந்தபடியே இறுகிவிடுகிறது. பாசிக்குடாவுக்கு அப்பால் அமிழ்ந்து கிடக்கும் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' கப்பலடியில் ஒருமுறை ரெகுலேட்டரில் மணல் சிக்கி எனக்கும் காற்று பீறிட்டது. காற்றழுத்த மானியின் முள் 120 பாரிலிருந்து சரிவதைப் பார்த்தபடி, கூட வந்தவரின் மாற்று ரெகுலேட்டரை வாயில் கவ்விக்கொண்டு மேலே வந்தேன். வெந்நீர் போன்ற கடலிலேயே என் கைகள் நடுங்கின. உதடு மரத்துப்போன நீ, ரெகுலேட்டர் வாயில் இருப்பதை எப்படி உணர்ந்தாயோ! ஆகவே, சிலிண்டரின் இரண்டு வால்வுகளில் இரண்டு தனி ரெகுலேட்டர்களைப் பூட்டுவதை ஆடம்பரம் என்று நீ சொல்வதை நான் ஏற்கவில்லை. பனிக்காலத்தில் தண்ணீருக்குள் இறங்குமுன் அதில் மூச்சு விட்டுப் பார்ப்பதையும் நிறுத்து. உன் மூச்சின் ஈரமே உள்ளே உறையும்.

சித்திரைக்குப் பின் கடல் தெளியும், அப்போது வா. நீர் புகாத உலர் உடையையும் அதற்கான ஈயக்கட்டிகளையும் அங்கேயே விட்டுவிடு. மெல்லிய உடை போதும். முதற்கட்டத்துக்கான ரப்பர் வளையங்கள் சில மட்டும் கொண்டு வா, இங்கே அவை கிடைப்பது அருமை.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்