பாட்டும் இல்லை, ஐயரும் இல்லை

பர்மிங்காம்,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

"குவேக்கர் கூட்டத்துக்குப் போறியாமே, அங்க பாட்டு உண்டா, ஐயர் உண்டா?" என்று போனில் கேட்டீர்கள். குவேக்கரும் ஒரு கிறிஸ்தவ சபையார்தான் அப்பா, ஆனால் ரெண்டும் இல்லை: பாட்டும் இல்லை, ஆராதனை நடத்தும் போதகரும் இல்லை. வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் மௌனம். உள்ளே உந்துதல் வந்தால் யாரும் எழுந்து பேசலாம். கடைசியில் மூப்பர் பக்கத்து ஆளுக்குக் கை கொடுப்பார், ஆராதனை முடிந்தது.

போன மாதம் நான் எழுந்துவிட்டேன். முந்தின ராத்திரி என் வார்டில் ஒரு பாட்டி இறந்துபோனார். "கர்த்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார்" என்று இங்கிலீஷில் சொல்லி உட்கார்ந்தேன். காதெல்லாம் சூடு. கடவுள் உண்டு என்று சொல்லாதவர்களும் இங்கே வருகிறார்கள், அதனால்தான்.

டீ நேரத்தில் ஒரு தாத்தா வந்தார். "அந்தச் சொல் எனக்கு ஆகாது. சின்ன வயதில் அதைச் சொல்லிச் சொல்லித்தான் பிரம்பால் அடித்தார்கள்" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சொல்லை மாற்றாதே. கை பிடித்தது எப்படி இருந்தது, அதைச் சொல்" என்றார். பிஸ்கட் ஊறி கப்புக்குள் விழுந்ததுகூடத் தெரியாமல் கேட்டார்.

'ஆலோசனைகளும் கேள்விகளும்' என்று இவர்களிடம் ஒரு சின்னப் புத்தகம் உண்டு, 42 பத்தி. பிறர் பேசுவது உனக்குத் தேவ வார்த்தையாகப் படாவிட்டாலும் இன்னொருவருக்கு அப்படி இருக்கலாம் என்கிறது 12ஆவது. சிலர் அதற்காக யாருக்கும் நோகாத சொல்லாகப் பார்த்துப் பார்த்து வழுக்கிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தாத்தா மாதிரி, குத்துகிறது என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேசலாமே.

நம் வீட்டில் நடக்காததா? தூத்துக்குடி ஆச்சி கடைசிவரை "சர்வேசுரா" என்றுதான் பெருமூச்சு விட்டாள். நீங்கள் "கர்த்தாவே" என்பீர்கள். பழைய வேதாகமத்தில் "பராபரன்". ஆச்சி ஜெபம் பண்ணும்போது நீங்கள் திருத்தினதே இல்லை, அப்பா. இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஒன்று கேட்டால் சிரிப்பீர்கள். 1650களில் இவர்கள் நீதிபதியையே 'நீ' என்று ஒருமையில் கூப்பிட்டார்களாம், தொப்பியும் கழற்ற மாட்டார்களாம். அதற்கெல்லாம் ஜெயில்! நம் தாசில்தாரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.

வருகிற ஞாயிறு டீ போடுவது என் முறை. அம்மா அனுப்பின அச்சுமுறுக்கு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தாத்தாவுக்குப் பல் தாங்குமா தெரியவில்லை.

உங்கள் அன்பு மகள்