குடியம் மலைக்குக் கூட்டிப்போங்கள், ஓட வைக்காதீர்கள்

வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், கல்வித் துறை, வனத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் பக்கம் மலை கிடையாது. தண்டையார்பேட்டையில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேனும் கன்டெய்னரும் புகைபோக்கியும்தான். உயரமாக ஒன்றைக் காட்டு என்றால் பிள்ளைகள் கொடுங்கையூர் குப்பைமேட்டைத்தான் காட்டுவார்கள். அதற்காக, இந்தப் பிள்ளைகளுக்குக் கவனிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காசிமேட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பையன் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் இன்றைக்கு வந்ததா, ஐஸில் கிடந்ததா என்று சொல்லிவிடுவான். வாடைக் காற்று கிளம்பினால் கடல் எப்படி மாறும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

பசுமைப் படைப் (பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம்) பிள்ளைகளை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகலாம் என்ற யோசனை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. வரவேற்கிறேன். ஆனால் நம் பள்ளிச் சுற்றுலாக்கள் எப்படி நடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். காலையில் கோயில், மதியம் அணை, சாயங்காலம் பொழுதுபோக்குப் பூங்கா. நடுவில் ஒரு மலை இருந்தால் ஓடி ஏறி, உச்சியில் குரூப் போட்டோ எடுத்து, ஓடி இறங்க வேண்டியது. கீழே பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு பயணத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமில்லை. பாதையோரம் ஒரு பாறையின் அடியில் மழை படாத பொடிமண். அதில் சின்னச் சின்னப் புனல்களாகக் குழிகள். ஒரு பெண் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓர் எறும்பு குழியின் விளிம்பில் கால் வைத்ததும் மண் சரிந்தது. அது மேலே ஏறப் பார்க்க, அடியிலிருந்து யாரோ மண்ணை வாரி வாரி எறிந்தார்கள். எறும்பு மறுபடி சரிந்தது. குழியானை! தட்டானைப் போல இறக்கை முளைத்துப் பறக்கப்போகிற ஒரு பூச்சியின் இளம்பருவம் அது. அவள் அதன் கொடுக்கைப் பார்ப்பதற்குள் “லைன்ல வாம்மா, லேட்டாகுது” என்று குரல் வந்துவிட்டது. ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை மணிக்கு இத்தனை இடம் என்று தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்தான் என்ன செய்வார்?

நான் கேட்பது இதைத்தான்: ஒரு நாளைக்கு ஒரு மலை போதும். நிற்பதற்கு நேரம் கொடுங்கள்.

எந்த மலை என்றால், திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம். கொடைக்கானலும் ஏலகிரியும் அழகுதான், ஆனால் குடியத்துக்கும் எங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. கொசஸ்தலை ஆறு கடலில் சேர்வது எண்ணூர் முகத்துவாரத்தில். எங்கள் பிள்ளைகள் அறிந்த கொசஸ்தலை அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஆறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, படகும் வலையும் கறுத்துப்போனதைக் கண்ணால் பார்த்தவர்கள். அதே ஆற்றைத்தான் 1944-ல் பூண்டியில் தடுத்து ஏரி கட்டினார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். குடியத்துக்குப் போகிற வழியில் பேருந்தை ஒரு கால் மணி நேரம் அங்கே நிறுத்தி, “இதுதான் நம்ம ஊர் ஆறு” என்று சொன்னால் போதும். மற்றதை அவர்களே கேட்பார்கள்.

அப்புறம் குடியத்துப் பாறை. குடியம் குகையின் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள் மணற்பாறையில் பதிந்திருக்கும். கல் உருண்டையாக வேண்டுமானால் தண்ணீர் அதை உருட்டியிருக்க வேண்டும். அப்படியென்றால் தலைக்கு மேலே நிற்கிற இந்த மலை ஒரு காலத்தில் தண்ணீர் ஓடிய தரை. இதை நாம் சொல்லிவிடக் கூடாது. கையால் தடவிப் பார்க்கவிட்டு, “இது ஏன் வழுவழுன்னு இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த வட்டாரத்துக் கற்களைத்தான் ஆதி மனிதர்கள் உடைத்துக் கருவி செய்தார்கள். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பல்லாவரத்திலும், பிறகு இதே பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தின் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் வயது என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் அறிவித்தார்கள். பிள்ளைகள் கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதைப் புறப்படும்போதே சொல்லிவிட வேண்டும். ஆசையாகத்தான் இருக்கும். எனக்கே இருக்கும்.

பாதுகாப்பில் சமாதானமே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை எந்தப் பெற்றோரும் மறக்கவில்லை. காடு காய்ந்திருக்கும் மாதங்களில் மலை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பொங்கலை ஒட்டிய வாரங்கள் சரியாக இருக்கும். அனுமதி இல்லாமல் ஓரடியும் வைக்க வேண்டாம். பாறை இடுக்குகளில் மலைத்தேனீ கூடு கட்டும். சத்தம், புகை, சென்ட் மூன்றும் ஆகாது. ஸ்பீக்கர் பாக்ஸைப் பேருந்திலேயே பூட்டிவிடுங்கள். (இது பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.) பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே என்பதை முன்கூட்டியே பார்த்து வைக்காமல் தேதி குறிக்காதீர்கள். அது இல்லை என்பதாலேயே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வனத் துறைக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். 2024 அக்டோபரில் நீங்கள் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டத்தில் குடியமும் இருக்கிறது. வழிகாட்டிகளாக உள்ளூர்க்காரர்களையே வைத்திருப்பது மிகவும் நல்லது. சூரைப்பழம் எது, களாக்காய் எது என்று அவர்கள் பறித்துக் காட்டுகிற மாதிரி எந்தப் புத்தகமும் காட்டாது. ஆனால் ஆளுக்கு ஆள் இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டுவது எங்கள் வீடுகளுக்குச் சரிவராது. வார நாட்களில் அரசுப் பள்ளிக் குழுக்களுக்குக் கட்டணம் இல்லாமல், தலைமை ஆசிரியரின் ஒரே கடிதத்தில் வேலை முடிகிற மாதிரி வழி செய்யுங்கள். ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் வேண்டாம். ஐம்பது பேர் போனால் முன்னால் போகிறவர்களின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது.

திரும்பி வந்ததும் ‘இயற்கை நம் அன்னை’ என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பார்த்ததில் ஏதாவது ஒன்றை வரைந்து, அதைப் பற்றித் தனக்குப் புரியாத ஒரு கேள்வியை அடியில் எழுதினால் போதும்.

பொங்கலுக்குப் பிறகு போக வேண்டுமென்றால் அனுமதிக் கடிதங்கள் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே நகர வேண்டும். உங்கள் பதிலை அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தாய்,
தண்டையார்பேட்டை