நடு என்ஜினின் நிழல்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லி நீ மாற்றி அனுப்பிய விமானப் படத்துக்கு விடை கிடைத்துவிட்டது: டோர்னியர் டோ 24. ஆறு நாட்கள் எடுத்தன. சரியா பிழையா என்று நீ சொல்லத் தேவையில்லை. எனக்கு ஐயமே இல்லை.

முதலில் கட்டலினா என்றே நினைத்தேன். தண்ணீரில் மிதக்கும் விமானம், உடலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் இறக்கை, அதில் இரண்டு என்ஜின்கள். இரண்டாம் உலகப் போரில் நம் ஊர்ச் சீனக்குடா விமானத்தளத்தில் கட்டலினாக்கள் நின்ற கதையை உன் அப்பப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். என் மனம் அங்கேதான் போகும் என்று உனக்குத் தெரியும். வாலை வெட்டியிருந்தாய், அடையாள எழுத்துகளைத் துடைத்திருந்தாய், இடத்தை வலமாகத் திருப்பியும் போட்டிருந்தாய். அருமையான வேலை.

ஆனால் இறக்கை உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டலினாவின் இறக்கை உடலின் நடுவில் எழும் தடித்த ஒற்றைத் தூணின்மேல் அமர்ந்திருக்கும். உன் படத்தில் அந்தத் தூண் இல்லை. முட்டுக் கம்பிகளே தாங்கி நின்றன. அடுத்தது மிதவை. கட்டலினா பறக்கும்போது மிதவைகள் மேலே மடங்கி இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். நீரில் நிற்கும்போது கீழே இறங்கியிருக்கும். இது நீரில் நிற்கிறது, மிதவையைக் காணோம். நீதான் அழித்திருப்பாய் என்று இரண்டு நாள் நம்பினேன். பிறகுதான் கண்டேன், உடலின் பக்கத்தில் நீர்மட்டத்தோடு குட்டை இறக்கை போல ஒன்று நீண்டிருந்ததை. டோர்னியர் கடல் விமானங்களின் வழி அது. நுனியில் மிதவை தொங்காது. அந்தக் குட்டை இறக்கைகள்தான் சரியாமல் தாங்கும்.

ஆனால் டோ 24க்கு மூன்று என்ஜின்கள் அல்லவா? அங்கே நின்றுவிட்டேன்.

புதன்கிழமை விடியற்காலை உட்துறைமுகக் கரைக்கு நடந்தேன். காற்று இன்னும் எழவில்லை. கட்டிக் கிடந்த வள்ளங்கள் ஒவ்வொன்றின் கீழும் இன்னொரு வள்ளம் தலைகீழாகக் கிடந்தது. தேநீர்கூடக் குடிக்காமல் வீட்டுக்குத் திரும்பி, படத்தின் கீழ்ப்பாதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இரண்டு என்ஜின்கள். தண்ணீரில் மூன்று. நடு என்ஜினை அழித்தாய், அதன் நிழலை மறந்துவிட்டாய், பிள்ளை!

இந்த விமானத்தை ஜெர்மனியில் வடிவமைத்தது டச்சுக் கடற்படைக்காக, அவர்களுடைய கிழக்கிந்தியத் தீவுகளில் பறப்பதற்கென்று. 1937இல் முதலில் பறந்தது. 1942இல் அத்தீவுகளில் ஒன்றான ஜாவா ஜப்பானியரிடம் வீழ்ந்தபின் தப்பி வந்த டச்சுக்காரர்களைக் கொண்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் சீனக்குடாவில் பிரித்தானிய விமானப்படையின் 321ஆம் அணி அமைந்தது. அங்கே அவர்கள் ஓட்டியவை கட்டலினாக்கள். நீ என்னைக் குழப்பிய இரண்டு விமானங்களையும் தொட்டுப் பழகிய கைகள் நம் குடாவிலேயே இருந்திருக்கும். இதை நினைத்து நேற்று இரவு வெகுநேரம் உறங்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை நான் கேட்கவில்லை. ‘துப்பு’ என்று அதன்மேல் எழுதியிருந்தாய். கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்கு இரங்கத் தொடங்கிவிட்டாய். போன மாதம் ஹரிக்கேன் என்ற பிரித்தானியப் போர் விமானத்தின் படத்தை, விமானப்படையின் வட்டச் சின்னங்கூட அழிக்காமல் அனுப்பினாய். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியரை எதிர்த்துச் சீனக்குடாவிலிருந்து எழுந்த விமானம். வயிற்றின் கீழ் ரேடியேட்டரோடு நிற்கும் அதை நான் அறியமாட்டேனா? அன்று எனக்கு வலித்தது. கண் நன்றாகத் தெரிகிறது, மகள். தெரியாத நாளிலும் துப்பு அனுப்பாதே. ஒரு மாதமானாலும் நானே தேடுகிறேன்.

இத்துடன் பென்சிலால் வரைந்த படம் ஒன்று வைத்திருக்கிறேன். என்ஜின்களையும் வாலையும் வரையவில்லை. அது ஒருகாலத்தில் சீனக்குடா ஓடுபாதையில் ஓடி எழுந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லமாட்டேன். என்ஜின் எத்தனை என்றும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா