2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: குளோர்பைரிபாஸும் நம் வயல்களும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது. ஏரி வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுத்தோம், பாதி தூரம் வேலை முடிந்திருக்கிறது. விதைக்கடலையை இந்த முறையும் கூட்டாகவே வாங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி நேரம் முழுவதையும் ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அது நம்மில் பெரும்பாலானவர்கள் கொட்டகையில் பாட்டிலாக நிற்கிறது.

குளோர்பைரிபாஸைத்தான் சொல்கிறேன். கடலையில் கரையான் என்றாலும், நெல்லில் இலைச்சுருட்டுப் புழு என்றாலும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது இந்தப் பூச்சிமருந்துதான். ஜெனீவாவில் 2025 ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே 9 வரை நடந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகளின் மாநாட்டில், உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட வேண்டிய வேதிப்பொருட்களின் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டார்கள். செய்தி வந்த வாரம் சங்க அலுவலகத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது இதுதான்: "அப்போ அடுத்த போகத்துக்குக் கடையில கிடைக்காதா?"

கிடைக்கும். ஏன் கிடைக்கும், ஏன் அதை நம்பி உட்காரக்கூடாது என்பதை விளக்கத்தான் இந்த ஆண்டு இரண்டு கூட்டங்கள் போட்டோம்.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது. டிடிடி, ஆல்ட்ரின் உள்பட 12 பொருட்களோடு தொடங்கியது. ஒரு பொருள் பட்டியலில் ஏறவேண்டுமானால் நான்கு விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: மண்ணிலும் தண்ணீரிலும் சீக்கிரம் சிதையாது, உயிர்களின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், அடித்த இடத்திலிருந்து வெகுதூரம் பயணிக்கும், தீங்கு செய்யும். குளோர்பைரிபாஸை 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் முன்மொழிந்தது. நிபுணர் குழு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2024இல் பரிந்துரை செய்தது. யாரும் பயிர் வைக்காத ஆர்க்டிக் பனிப்பிரதேசத்திலும் இந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது குழந்தைகள் விஷயம். கருவில் இருக்கும்போதும் சிறுவயதிலும் இதன் பாதிப்புக்கு ஆளானால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று காட்டும் ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டதற்கும் அது ஒரு முக்கியக் காரணம். மருந்து அடித்த சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்குகிறவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, பட்டியலில் ஏறியும் ஏன் கடையில் இருக்கும்? இரண்டு காரணங்கள். சில பயிர்களுக்கும் பூச்சிகளுக்கும் வேறு சில உபயோகங்களுக்கும் குறிப்பிட்ட காலம்வரை விதிவிலக்கு கொடுத்துத்தான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். விதிவிலக்கு கேட்ட நாடுகளில் இந்தியாவும் உண்டு. அடுத்தது, நம் நாடு 2006இல் இந்த உடன்படிக்கையை ஏற்றபோது ஒரு நிபந்தனை வைத்தது. புதிதாகச் சேரும் எந்தப் பொருளும் இந்தியா தனியாக ஒப்புதல் கொடுத்த பிறகுதான் நம்மைக் கட்டுப்படுத்தும். 2020இல் மத்திய அமைச்சரவை ஏழு பொருட்களுக்கு அப்படி மொத்தமாக ஒப்புதல் கொடுத்தது. 2011லேயே பட்டியலில் ஏறிய எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து அந்த ஏழில் இல்லை.

எண்டோசல்பான் கதையை நம் ஆட்கள் மறக்கக்கூடாது. கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகள் மேல் 1970களிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். கீழே கிணறும் ஓடையும் குடிசைகளும் இருந்தன. கேரளத்தில் 2005இல் தடை வந்தது. 2011 ஏப்ரல் கடைசியில் ஜெனீவாவில் உலக நாடுகள் முடிவெடுத்தபோது அதை மிக அதிகமாகத் தயாரித்த நாடு இந்தியா. இங்கே அதை நிறுத்தியது உச்ச நீதிமன்றம், 2011 மே 13இல். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன உத்தரவு 2017 ஜனவரியில்தான் வந்தது. தெளிப்பதை நிறுத்திப் பதினாறு வருடம் கழித்து. மிச்சமிருந்த மருந்தைக் கிடங்குகளில் பீப்பாய் பீப்பாயாக வைத்துக்கொண்டு எப்படி அழிப்பது என்று தவித்தது இன்னொரு கதை. ஒப்பந்தம் நமக்கு நேரம் கொடுக்கிறது. அந்த நேரத்தில் நாம் ஒன்றும் செய்யாவிட்டால் கடைசியில் கோர்ட்டும் ஆஸ்பத்திரியும்தான் முடிவெடுக்கும்.

மாநில அரசே தடுக்கலாமே என்று கேட்டார்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநிலம் ஒரு மருந்தை 60 நாள் நிறுத்தி வைக்கலாம், கொஞ்சம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். 2022 கடைசியில் தமிழக அரசு தற்கொலைகளைத் தடுக்க ஆறு மருந்துகளை அப்படி நிறுத்தியது, அதில் குளோர்பைரிபாஸும் இருந்தது. நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். 2020இல் 27 மருந்துகளுக்குத் தடை என்று வந்த வரைவில் இதன் பெயர் இருந்தது. 2023இல் வந்த இறுதி உத்தரவு இதை முழுதாகத் தடை செய்யவில்லை, சில பயிர்களில் மட்டும் நிறுத்தியது.

இனி சங்கம் செய்தது. ஆடிப்பட்டக் கடலையில் விருப்பப்பட்ட உறுப்பினர்கள் குளோர்பைரிபாஸ் இல்லாமல் ஒரு பகுதி நிலத்தில் பயிர் செய்து பார்த்தார்கள். கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு, தொழுவுரத்தோடு பூச்சியைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை, மக்காத குப்பையை வயலில் போடாமல் இருப்பது, இவ்வளவுதான். மண்ணில் ஈரம் இருந்த வயல்களில் வேர்ப்புழு கட்டுக்குள் இருந்தது. மழை தள்ளிப்போன மேட்டு நிலத்தில் கரையான் சேதம் இருந்தது, அதை மறைக்கவில்லை. நெல்லில் இலைச்சுருட்டுக்கு, புழுவின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவியின் முட்டை அட்டையும் ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசலும் பரவாயில்லை என்று போட்டவர்கள் சொல்கிறார்கள். அட்டை சரியான நாளில் கைக்கு வருவதுதான் பிரச்சினை. தாமதமாக வந்த அட்டையால் பயனில்லை.

எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. இந்த மருந்து போனால் கடைக்காரர் இதைவிடக் கடுமையான ஒன்றை எடுத்து நீட்டுவார், நாமும் வாங்கிவிடுவோம். மோனோகுரோட்டோபாஸ் மாதிரி, மிகக் கடும் விஷம் என்று சிவப்பு முக்கோணம் போட்ட மருந்துக்கு யாரும் மாறவேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

கூலிக்கு மருந்து அடிக்கிறவர்களுக்காக ஒரு பயிற்சி நடத்தினோம். கண்மணி சுருங்குதல், எச்சில் வழிதல், வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத் திணறல் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. பாட்டிலையும் கூடவே கொண்டு போகவேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால் டாக்டர் விஷமுறிவுக்கான அட்ரோபின் ஊசி போடுவதில் தாமதம் இருக்காது. காலி பாட்டிலில் எண்ணெயோ பாலோ ஊற்றுவதை இந்த வருடத்தோடு நிறுத்தவேண்டும்.

செயற்குழு சார்பில் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். குளோர்பைரிபாஸ் பட்டியல் சேர்க்கைக்கு இந்தியா ஒப்புதல் அளிக்கவும், விதிவிலக்குக் காலத்தைக் குறுகியதாக வைக்கவும் மத்திய வேளாண் அமைச்சகத்துக்கு மனு அனுப்புவது. முட்டை அட்டையும் உயிரிப் பூஞ்சைகளும் விதைப்புக்கு முன்பே வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பில் இருக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்பது. உறுப்பினர்கள் கையில் மிஞ்சும் பழைய மருந்தைக் கிணற்றிலும் வாய்க்காலிலும் கொட்டாமல், தயாரித்த நிறுவனங்களே திரும்பப் பெற ஏற்பாடு செய்யச் சொல்லி வலியுறுத்துவது. மூன்றாவதை யார் முன்மொழிவது என்பதில் செயற்குழுவில் போட்டியே இருந்தது. கூலிக்கு மருந்து தெளிக்கும் உறுப்பினர்களில் ஒருவர் முன்மொழியவேண்டும் என்று முடிவானது. அவரை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்.

செயலாளர்