ஆன்டிபாடி வந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மலேரியா ஒட்டுண்ணியின் புரதத்தை முயலுக்குச் செலுத்தி, அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் உருவானாலே 'தடுப்பூசி தயார்' என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள். நெல்லையில் மாடித் தொட்டிக்கு மூடி வாங்க நினைத்திருப்பவர் அதைப் படித்துவிட்டுத் தள்ளிப்போடுவார். மூடாத தொட்டியில்தான் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு முட்டையிடுகிறது.

செலுத்தியது ஒட்டுண்ணி ரத்தத்தில் பெருகும் கட்டத்துப் புரதம் என்றால், ஆன்டிபாடி ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். முயலின் சீரத்திலிருந்து (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகையைப் பிரித்து, மனிதச் சிவப்பணுவில் வளரும் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியோடு 37 டிகிரியில், குறைந்த ஆக்சிஜனில் சுமார் 40 மணி நேரம் வைத்து, எவ்வளவு பெருகியிருக்கிறது என்று அளப்பார்கள்.

ஏமாறும் இடமும் இதுதான். முயல் ரத்தத்தில் மனிதச் சிவப்பணுவுக்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாகவே உண்டு. அதை முன்கூட்டியே மனிதச் சிவப்பணுவோடு கலந்து நீக்காவிட்டால், சோதனைத் தட்டின் குழிக்குள் அணுக்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும், ஒட்டுண்ணி பெருகாது, புரதம் வேலை செய்ததுபோல் தோன்றும். சீரம் கெடாமலிருக்கச் சேர்த்த சோடியம் அசைடு மிச்சமிருந்தாலும் ஒட்டுண்ணி செத்துப்போகும். ஆகவே அதே முயலின் ஊசிக்கு முந்தைய ஐஜிஜியையும், புரதமில்லாமல் துணைமருந்து (எதிர்ப்பைத் தூண்டச் சேர்க்கும் பொருள்) மட்டும் பெற்ற முயலின் ஐஜிஜியையும் அதே அளவில் வைத்து ஒப்பிட்டார்களா என்று நிருபர்கள் கேட்க வேண்டும்.

ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதம் சரியாக மடிந்து அசல் வடிவத்துக்கு வராததும் உண்டு. ஆன்டிபாடியை அளக்கும் எலைசா சோதனையில் அளவு பிரமாதமாக வரும். ஒட்டுண்ணி மேலுள்ள அசல் புரதத்தை அந்த ஆன்டிபாடி கண்டுகொள்ளாது.

இதையெல்லாம் தாண்டினாலும் ஒட்டுண்ணியின் ரகம் மாறும். ஏஎம்ஏ1 என்ற ஒட்டுண்ணிப் புரதத்தைத் தடுப்பூசியாக மாலி நாட்டுக் குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2011இல் வந்தது. ஊசியில் இருந்த ரகத்தை ஒத்த ஒட்டுண்ணிக்கு எதிராக 64 சதவீதப் பாதுகாப்பு. மொத்தமாகப் பார்த்தால் 17 சதவீதம்தான்.

தமிழகத்தில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி. அது இளம் சிவப்பணுவில்தான் நுழையும். ரத்தத்தில் அவை ஏறத்தாழ 1 சதவீதமே. அதனால் ஃபால்சிபாரம்போல் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை. நோயாளியின் புது ரத்தத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இலும் 2023இலும் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும் ஃபால்சிபாரத்துக்கானவை. அடுத்த முறை மலேரியா தடுப்பூசிச் செய்தி போடும்போது, எந்த ஒட்டுண்ணிக்கு என்பதையாவது முதல் பத்தியிலேயே போடுங்கள்.

உயிர்த்தொழில்நுட்பவியல் ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை